பாட்டுக்கு உடையவர் யார்?

சென்ற பாரதி விழாச் சமயத்தில் நமது வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு கலகம் மூண்டது. பள்ளிக்கூடத்தில் ஆடுவதற்காக வீட்டுக் குழந்தை 'சுதந்திரப் பள்ளு'க்கு அபிநயம் பழகிக்கொண்டிருந்தாள். நடுவில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகத்துடன் வந்து, "இது யார் பாட்டு? எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள்" என்று கேட்டாள்.

ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தைப் பாட்டி சற்றும் யோசிக்காமல், "குமாரி கமலா பாட்டு" என்றார். பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "கமலா ஆடினாள்; பாடினவர் டி. கே. பட்டம்மாள். பட்டம்மாள் பாட்டு என்று எழுதிக்கொள், அம்மா!" என்றார். சினிமா விஷயங்களில் தம்மை மிஞ்சியவர் இல்லை என்று எண்ணும் சித்தப்பா, "'நாம் இருவர்' படத்தில் வந்த பாட்டு அது. ஏவி.எம். பாட்டு என்பதுதான் சரி" என்று தீர்ப்புச் சொன்னார். "பாரதியார் பாட்டு" என்று சொல்ல நாம் வாயெடுத்தோம். அதற்குள் குழந்தை நோட்டுடன் உள்ளே போய்விட்டாள்.

வேடிக்கையாகத் தோன்றும் இந்தத் தகராறு ஒரு காலத்தில் வேடிக்கையாக இருக்கவில்லை. இதே கேள்வி வக்கீல்களின் மேஜைக்குப் போயிற்று. எழுத்தாளர் கூட்டங்களில் இரைச்சலாய் எழுந்தது. கடைசியில் சென்னை ராஜாங்கத்தின் பிரதம மந்திரியே தலையிட்டுத் தீர்க்க வேண்டியதாயிற்று. அந்தக் கதைக்கு நடுநாயகமாக நிற்பது ஒரு தமிழ்ப் பேசும்படம். ஆகையால் படத்திலிருந்தே தொடங்குவோம்.

1947-ஆம் வருஷம் ஜனவரி மாதம், பொங்கல் திருநாளில் 'நாம் இருவர்' வெளிவந்தது. அன்று தேசம் இருந்த நிலைமையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். யுத்தம் முடிந்து ஒன்றரை வருஷந்தான் ஆகியிருந்தது. அரிசிக்கும் துணிக்கும் ரேஷன். கள்ளச் சந்தை என்ற சொல் வீட்டுப் பெண்மணிகளின் பேச்சில் உப்பு, புளியைப்போல் கலந்துவிட்டிருந்தது. டில்லியில் 1946 செப்டம்பரில் ஜவாஹர்லால் நேருவின் தலைமையில் இடைக்கால சர்க்கார் ஏற்பட்டிருந்தபோதிலும், வெள்ளைக்காரருடைய கொடி இன்னும் இறங்கவில்லை. எப்போது இறங்கும், எவ்விதம் இறங்கும் என்று ஒருவராலும் நிச்சயமாய்ச் சொல்ல முடியாத காலம் அது.

அந்தச் சமயத்தில், சுதந்திரம் கைக்கு வந்தே விட்டதென்று கொண்டாடி ஆடும் பாட்டு ஒன்று வெள்ளித் திரையில் எழுந்தால் ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பாரதியார் காலமானது 1921-ஆம் வருஷம். அதற்கு முன்னமே, வராத சுதந்திரத்தை வந்துவிட்டதாக வைத்து அவர் எழுதிய பாட்டு அது. படம் வெளிவந்து ஏழு மாதத்திற்குள் அந்தப் பாட்டு மெய்யாகிவிட்டது.

படத்தை எடுத்தவர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார். டைரக்டரும் அவரே. அவர் சினிமாவுக்கு வந்த வழியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வழக்கு நன்கு விளங்கும். அவர் முதலில் கிராமபோன் தட்டு வியாபாரி. காரைக்குடியில் தகப்பனாரின் கடையில் தட்டுகளை விற்றுப் பழகி, பிறகு சென்னையில் சிலருடன் கூட்டாக 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டார். ஒரு பாட்டு என்பது காற்றில் கரைந்து போவதன்று, அது மெழுகில் பதிந்து விலைக்குப் போகும் ஒரு சரக்கு என்பதை அவர் தம் இளமையிலேயே கண்டுகொண்டவர். 1935-இல் எடுத்த முதற் படமான 'அல்லி அர்ஜுனா' அவரைக் கைவிட்டது. ஆயினும் அவர் சினிமாவைக் கைவிடவில்லை. 'நந்தகுமா'ரில் ஒருவர் நடிக்க வேறொருவர் பாடும் முறையைக் கையாண்டார். 'சபாபதி'யில் தமிழ் நாட்டையே சிரிக்க வைத்தார். 'ஸ்ரீ வள்ளி'யில் பணத்தையும் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

யுத்த காலத்தில் சென்னையில் ஸ்டூடியோ அமைக்க இடமும் மின்சாரமும் கிடைப்பது அரிதாக இருக்கவே, அவர் தம் சொந்தச் சீமைக்குத் திரும்பினார். காரைக்குடிக்கு அருகில் தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையைக் குத்தகைக்குப் பிடித்து, அதைச் சுற்றிக் கொட்டகைகளை எழுப்பி, அதையே ஸ்டூடியோ ஆக்கினார். செட்டிநாட்டுப் பொட்டலில் எழுந்த அந்தக் கொட்டகைகளில்தான் 'நாம் இருவர்' உருவாயிற்று. கோடம்பாக்கத்துக்கு அவர் குடிபெயர்ந்தது 1948-இல்.

கதை புதிதாக ஜோடித்ததன்று. ப. நீலகண்டன் எழுதிய 'தியாக உள்ளம்' என்ற நாடகத்தை என். எஸ். கிருஷ்ணனின் நாடக சபையார் நடத்தி வந்தனர். கிருஷ்ணன் அப்போது லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்தார், சபையை எஸ். வி. சகஸ்ரநாமம் காப்பாற்றி வந்தார். நாடகத்தின் உரிமையை மெய்யப்பச் செட்டியார் வாங்கிப் படமாக்கினார். டி. ஆர். மகாலிங்கம், டி. ஏ. ஜெயலக்ஷ்மி, டி. ஆர். ராமச்சந்திரன், கே. சாரங்கபாணி, பி. ஆர். பந்துலு முதலியோர் நடித்தார்கள். வி. கே. ராமசாமிக்கு இதுவே முதற் படம். இருபது வயதை அப்போதுதான் தாண்டிய அந்த வாலிபர், கள்ளச் சந்தையில் பணம் குவிக்கும் ஒரு கிழவனாக வந்தார். அன்று முதல் ஆயுள் முழுதும் அவரைத் தமிழ் நாட்டார் கிழவராகவே பார்த்துப் பழகிவிட்டார்கள்!

இக்கட்டுரைக்காகப் படத்தை மறுபடியும் ஒரு தரம் பார்த்தோம். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. நாடக மேடையின் மணம் படம் முழுவதும் வீசுகிறது. பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசுவதைவிட நம்மைப் பார்த்துப் பிரசங்கம் செய்வது அதிகம். கள்ளச் சந்தைக்காரரைக் கண்டிக்கும் இடங்களில் கை தட்டலுக்காகச் சற்று நிறுத்தினார்களோ என்றுகூடத் தோன்றுகிறது. பாரதி விழாவில் ஆரம்பமாகிக் காந்தி ஜயந்தியில் முடியும் கதை வேறு எப்படி இருக்க முடியும் என்று கேட்டால், அதுவும் நியாயமே.

ஆனால் பாட்டு வரும்போது படம் வேறாகி விடுகிறது. காந்தி மகாத்மாவைப் பற்றிய பாட்டு ஒன்றை எம். எஸ். ராஜேஸ்வரி என்ற புதிய குரல் பாடிற்று. பாரதியாரின் 'முரசு' பாட்டுக்கும் 'சுதந்திரப் பள்ளு'க்கும் கமலா ஆடினாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு பிராயம் இருக்கும். வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதம் பயின்றவள். பெரியவர்கள் தேசபக்தியைப் பற்றி மணிக்கணக்கில் பேசியும் மனத்தில் ஏறாதது, அந்தக் குழந்தையின் பாதத்தில் ஏறி, பார்ப்பவர் நெஞ்சுக்குள் நேரே இறங்குகிறது. 'பள்ளு' என்பது வயலில் உழைப்பவர்களைப் பாடும் பழைய பிரபந்த வகை. சுதந்திரக் கொண்டாட்டத்தைப் பாரதியார் ஜமீன்தார் வாயிலும் வைக்கவில்லை, வக்கீல் வாயிலும் வைக்கவில்லை. சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவன் வாயில் வைத்தார். யார் உழைக்கிறார்களோ அவர்களுடையதே பூமி என்பது அந்தப் பாட்டின் உட்கருத்து. இதை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும்.

குரல் ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாளுடையது. கர்நாடக சங்கீத மேடையில் பெயர் பெற்ற அவர் சினிமாவுக்காகப் பாட ஒப்புக்கொள்வது எளிதன்று. தேசியப் பாட்டும் பக்திப் பாட்டும் மட்டுமே பாடுவதென்று நியமம் வைத்திருந்தார். 1939-இல் 'தியாக பூமி'க்குப் பாடியதும் அந்த நியமத்துக்கு உட்பட்டே. பாட்டுக்கு மெட்டு அமைத்தவர் ஆர். சுதர்சனம். இன்று பள்ளிக்கூடந்தோறும் குழந்தைகள் பாடுவது அவர் அமைத்த மெட்டைத்தான். பாரதியார் தம் பாடல்கள் பலவற்றின் தலைப்பில் ராகமும் தாளமும் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் குறிப்புகளை இன்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? மெட்டு என்றால் சினிமா மெட்டுத்தான் என்றாகிவிட்டது. இதில் வருத்தப்படுவதா, மகிழ்வதா என்று நமக்கே நிச்சயமில்லை.

இந்தப் பாட்டுகளைப் படத்தில் வைக்க மெய்யப்பச் செட்டியார் யாரிடம் அனுமதி பெற்றார்? எவரிடமும் பெற வேண்டியிருக்கவில்லை. அவை அவருக்கே சொந்தமாயிருந்தன! பாரதியார் பாட்டுகளை இசைத்தட்டிலும் பேசும்படத்திலும் உபயோகிக்கும் உரிமையை 1946-இல் அவர் விலைக்கு வாங்கியிருந்தார். விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டியது. விற்றவர் ஜேசிங்லால் மேத்தா என்ற குஜராத்தி வியாபாரி. சென்னையில் இசைத்தட்டுத் தொழில் செய்து வந்த அவர், 1934-இல் அந்த உரிமையைச் சில நூறு ரூபாய்க்குப் பெற்றிருந்தார்.

எட்டயபுரத்துக் கவியின் பாட்டு எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது சோகமான வரலாறு. காலமாவதற்கு முந்திய வருஷம், 1920-இல், தம் எழுத்துக்கள் அனைத்தையும் நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிட்டு வெளியிடப் பாரதியார் ஒரு திட்டம் போட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை தமிழ் நாட்டில் வீடுதோறும் செலவாகும் என்று நம்பி, வட்டிக்குப் பணம் கேட்டு நண்பர்களுக்கு அச்சடித்த கடிதம் அனுப்பினார். பணம் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் கண்ணை மூடினார்.

மனைவி செல்லம்மாள் மனந்தளராமல் 1922-இல் 'பாரதி ஆசிரமம்' என்ற பெயரில் தாமே சில புத்தகங்களை வெளியிட்டார். வியாபாரம் அறியாத ஒரு விதவை அச்சுக்கூடக் கணக்கோடு எத்தனை நாள் மல்லுக் கட்ட முடியும்? உறவினரும் நண்பரும் சேர்ந்து நடத்திய 'பாரதி பிரசுராலயம்' பிறகு அந்தப் பொறுப்பை ஏற்றது. இதற்கு நடுவே 1928-இல் சர்க்கார் பாரதியாரின் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்ததும், சட்டசபையில் எஸ். சத்தியமூர்த்தி அதை எதிர்த்துக் கர்ஜித்ததும் நேயர்கள் அறிந்தவை. 1931-இல், கடனும் குடும்பச் சுமையும் நெருக்க, செல்லம்மாள் நூலுரிமையை நாலாயிரம் ரூபாய்க்குப் பிரசுராலயத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கூட்டாளிகள் விலகிப் போகக் காலக்கிரமத்தில் அது கவியின் சகோதரர் சி. விசுவநாதனுக்குத் தனியே உரியதாயிற்று. புத்தக உரிமை ஒரு பக்கமும் இசைத்தட்டு உரிமை மறு பக்கமுமாகப் பிரிந்த கதை இதுதான். நிலத்தில் மேல் வாரம், குடி வாரம் என்று பிரிப்பார்களே, அது போலப் பாட்டில் கண்ணால் படிக்கும் பாகம் ஒருவருக்கும், காதால் கேட்கும் பாகம் மற்றொருவருக்குமாகப் பாத்தியதை ஏற்பட்டுவிட்டது!

இது சட்டத்துக்கு விரோதமன்று. அப்போது அமலிலிருந்த 1914-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த பிறகும் ஐம்பது வருஷம் வரையில் நூலுரிமை நீடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாரதியார் பாட்டுகள் 1971 வரையில் விலைக்கு வாங்கியவர்களின் சொத்தாக இருந்திருக்கலாம். விடுதலைக்குப் பாடிய பாட்டு, தேசம் விடுதலையடைந்து இருபத்து நான்கு வருஷம் வரையில் சிறையிலேயே கிடந்திருக்கும்!

'நாம் இரு'வருக்கு அடுத்து 1948-இல் வந்த 'வேதாள உலக'த்திலும் மெய்யப்பச் செட்டியார் தமக்கு உரிய பாரதி பாட்டுகளை வைத்தார். அதிலும் பட்டம்மாள் பாட, கமலா ஆடினாள். தகராறு எழுந்தது அவர் படத்தினால் அல்ல. அதே வருஷத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' என்ற படத்தை வெளியிட்டார்கள். அதில் பாரதியாரின் 'கண்ணன் என் காதலன்' பகுதியிலிருந்து ஒரு பாட்டைச் சேர்த்திருந்தார்கள். உரிமை பெறாமல் உபயோகித்தது தவறு என்று மெய்யப்பச் செட்டியார் சட்ட நடவடிக்கையில் இறங்கினார்.

நடவடிக்கை யார்மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். டி. கே. எஸ். சகோதரர்கள் 1931-ஆம் வருஷத்திலேயே, வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீர'னைத் 'தேசபக்தி' என்ற பெயரில் மேடையேற்றி, அதில் பாரதியார் பாட்டுகளைப் பாடியவர்கள். அந்நாளில் அந்தப் பாட்டைப் பாடுவதற்கு யாரும் பணம் கேட்கவில்லை. போலீஸ்காரர்தான் வந்து கேட்பார். கொட்டகையின் லைசென்ஸ் போகும், கம்பெனி கலையும், சிறைக்கும் போக நேரிடும் என்று தெரிந்தே பாடினார்கள். அப்பேர்ப்பட்டவர்களுக்கு, சுதந்திர இந்தியாவில், பாரதி பாட்டைப் பாடியது குற்றம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. டி. கே. ஷண்முகத்தின் மனம் எவ்வாறு கொதித்திருக்கும் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, பணம் கொடுத்துச் சமாதானமும் செய்துகொள்ளவில்லை. பாரதி பாட்டு தமிழ் மக்கள் அனைவருக்கும் சொந்தம் என்று எதிர்த்து நின்றார்.

நிலைமை பழுத்திருந்தது. 1947 அக்டோபரில் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் திறக்கப்பட்டது. அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியவரும் ராஜாஜி, திறந்து வைத்தவரும் ராஜாஜி; நிதி திரட்டி முன்னின்று நடத்தியவர் 'கல்கி'. ஜனங்கள் அணாவும் ரூபாயுமாகக் கொடுத்துத் தங்கள் கவிக்குக் கோயில் கட்டிவிட்டார்கள். மூர்த்தியை மட்டும் யாரோ பூட்டி வைத்திருந்தால் பக்தர்கள் பொறுப்பார்களா? மண்டபம் எழுந்த பிறகு, பாரதி நூல்களைத் தேச உடைமை ஆக்க வேண்டுமென்ற கூச்சல் வலுத்தது. 1948-இல் எழுத்தாளர்கள் கூடிப் 'பாரதி விடுதலைக் கழகம்' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், டி. கே. ஷண்முகம் முதலியோர் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாளைக் கண்டு, பாட்டுகள் பொதுவாவதற்கு அந்த அம்மையாரின் சம்மதத்தைப் பெற்று வந்தார்கள். கவியோடு வறுமையில் உழன்று, பிறகு உரிமையையும் இழந்து நின்ற முதிய பெண்மணியிடம் போய், "எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா, அம்மா?" என்று கேட்ட காட்சியை நினைத்தால் நமக்குத் தொண்டை அடைக்கிறது. சட்டப்படி அவரிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் போனவர்களுக்கு எது மரியாதை என்று தெரிந்திருந்தது.

சென்னை ராஜ்யத்தின் பிரதம மந்திரியாக அப்போது இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். பேச்சில் சிக்கனமும் செய்கையில் கண்டிப்பும் உள்ளவர். பாரதி பாட்டின் உரிமைகளைச் சர்க்காரே ஏற்பதென்று அவர் ஆட்சியில் 1949-இல் முடிவாயிற்று. மெய்யப்பச் செட்டியாரிடம் கேட்டபோது, அவர் தம்மிடமிருந்த உரிமையை ஒரு காசும் பெறாமல் சர்க்காருக்குக் கொடுத்துவிட்டார். வழக்கும் அத்துடன் ஓய்ந்தது. புத்தக உரிமைக்காக விசுவநாதனுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் அளிக்கப்பட்டது. செல்லம்மாளுக்கும் பெண்கள் இருவருக்கும் தலைக்கு ஐயாயிரம் ரூபாய் வழங்கினார்கள். சர்க்கார் சில வருஷம் உரிமையைத் தன் கையில் வைத்திருந்து, 1955-இல் அதையும் விட்டுவிட்டது. அது முதல் எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம்.

ஒரு ராஜாங்கம் ஒரு கவியின் பாட்டை விலை கொடுத்து வாங்கி, வாங்கிய கையோடு ஜனங்களிடம் தூக்கிக் கொடுத்தது என்பது வேறு தேசங்களில் நாம் கேள்விப்பட்டதில்லை. தமிழ் நாட்டில் அதுவே ஒரு வழக்கமாகிப் பிற்காலத்தில் பாரதிதாசன், கல்கி முதலிய பல ஆசிரியர்களின் நூல்களும் இவ்வாறே பொதுவுடைமையாயின. அவர்களுடைய குடும்பங்களுக்குக் கொடுத்த தொகை போதுமா, போதாதா என்பது தனி விவகாரம். அதில் இப்போது நாம் புகவில்லை.

மெய்யப்பச் செட்டியாரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வரலாற்றைச் சொல்பவர்களில் சிலர் அவரைப் பாட்டைப் பூட்டி வைத்த லோபியாகவும், வேறு சிலர் பாட்டைத் தானம் செய்த கர்ணனாகவும் சித்திரிக்கிறார்கள். இரண்டும் நமக்குச் சரியாகப் படவில்லை. அவர் வியாபாரி. சந்தைக்கு வந்த சரக்கை விலை கொடுத்து வாங்கினார். வாங்கியதைப் பிறர் எடுத்தபோது தடுத்தார். பாரதி பாட்டைச் சந்தைக்கு வரும்படி விட்டது யார்? 1920-இல் வட்டிக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்காத தமிழ் நாடுதானே? அந்தக் குற்றத்தை ஒரு செட்டியார் தலையில் கட்டுவது சௌகரியமாக இருக்கலாம், நியாயமாகாது. ஆனால் மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. டி. கே. எஸ். சகோதரர்மேல் அவர் தொடுத்த வழக்கு ஜயித்திருந்தால், பாரதி பாட்டைப் படத்தில் வைக்க அஞ்சி எல்லோரும் ஒதுங்கியிருப்பார்கள். அவர் கடைசியில் கொடுத்தது பெருந்தன்மை. முதலில் தடுத்தது தவறு. ஒரே மனிதர் இரண்டையும் செய்தார்.

நாம் ஆச்சரியப்படுவது வேறு ஒன்றைக் குறித்து. 1931-இல் புத்தக உரிமை கைமாறியபோதும், 1934-இல் இசைத்தட்டு உரிமை போனபோதும் தமிழ் நாட்டில் பெரிய கிளர்ச்சி எதுவும் எழவில்லை. 1947-க்குப் பிறகுதான் எழுந்தது. அதற்குள் என்ன மாறிவிட்டது? தேசம் சுதந்திரம் பெற்றது ஒரு காரணம். 'நாம் இருவர்' மற்றொரு காரணம் என்று நாம் துணிந்து சொல்வோம். புத்தகம் வாங்கிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த பாட்டு, டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவன் வாய்க்கும் வந்துவிட்டது. எழுத்தறியாதவளும் அதை மனப்பாடமாய்ப் பாடினாள். சுதந்திரம் வந்தபோது ரேடியோவிலும் பட்டம்மாள் அதையே பாடினார். இத்தனை பேர் வாயில் குடியேறிய பிறகு, "இது ஒருவருடைய சொத்து" என்று காகிதத்தைக் காட்டினால் ஜனங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்ததும் கோபம் வந்தது. பாட்டை விலைக்கு வாங்கியவரே, அதை யாரும் விலைக்கு வாங்க முடியாதபடி செய்துவிட்டார். செட்டியார் கணக்கில் இப்படி ஒரு வரவு செலவு எழுதப்படும் என்று தேவகோட்டை ரஸ்தாவில் படம் பிடித்தபோது யார் கண்டார்கள்!

'நாம் இரு'வரில் நடித்த பந்துலு பிற்பாடு தாமே படம் எடுத்துப் புகழ் பெற்றார். 1961-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சரித்திரத்தைக் 'கப்பலோட்டிய தமிழன்' என்று எடுத்தபோது, பாட்டுகள் அனைத்தும் பாரதியாருடையவையாகவே இருக்கட்டும் என்று தீர்மானித்தார். அவர் எந்த வியாபாரியிடமும் போக வேண்டியிருக்கவில்லை. எந்த வக்கீலும் அவரிடம் வரவுமில்லை. ஜி. ராமநாதன் மெட்டு அமைத்தார். படம் அந்த வருஷத்தில் பணம் ஈட்டவில்லை என்பது வருத்தமான செய்தி. பாட்டுகள் நிலைத்துவிட்டன.

குழந்தையின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல மறந்தோம். விழா முடிந்து நாலைந்து நாள் கழித்து அது மேஜைமேல் கிடக்கக் கண்டு எடுத்துப் பார்த்தோம். "பாட்டு: பாரதியார், பட்டம்மாள், குமாரி கமலா, ஏவி.எம்." என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் ஆசிரியையின் சிவப்பு மசியில் சரி என்ற அடையாளமும் இருந்தது. சுதர்சனத்தின் பெயர் மட்டும் விட்டுப் போயிருந்தது.